பக்கம் திறக்கிறது, பாட்டு வரவில்லை

கேள்வி: வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துள்ள சேமிப்புப் பெட்டியில் லிரியன் மியூசிக் சர்வரை (சேமித்த பாடல்களை வீட்டிலுள்ள பிளேயர்களுக்கு அனுப்பும் மென்பொருள்) நிறுவியிருக்கிறேன். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, சர்வரின் பக்கம் திறந்தாலும் பாடல்கள் பூஜ்யம் என்றே காட்டுகிறது. கூடத்திலுள்ள பிளேயருக்கும் சர்வர் தென்படவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாமா?

பதில்: வேண்டாம், அவசரப்பட்டு நீக்கினால் உங்கள் அமைப்புகளும் சேர்ந்து போய்விடக்கூடும். 9000 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வழியே ஒரு மென்பொருளை அணுகுவதற்கான எண்ணிட்ட வாசல்) பக்கம் திறக்கிறது என்பதே சர்வர் ஓடிக்கொண்டிருப்பதற்குச் சான்று. பொதுவாக அது உங்கள் பெயரில் அன்றித் தனக்கென உள்ள ஒரு பயனர் கணக்கில் இயங்கும். அக்கணக்குக்கு இருந்த படிக்கும் உரிமை புதுப்பிப்பின்போது பறிபோயிருந்தால், உங்கள் கணினியில் பாடல்கள் வரிசையாகத் தெரிந்தாலும் சர்வருக்கு அந்தக் கோப்புறை வெறுமையாகவே இருக்கும். பகிர்வுக் கோப்புறையின் அனுமதிப் பகுதியில் அவ்வுரிமையை உள்கோப்புறைகளுக்கும் சேர்த்து வழங்கிவிட்டு, சர்வரின் அமைப்புகளில் நூலகத்தை அழித்து முழுமையாக மறுபடி தேடுமாறு பணியுங்கள். 'அழித்து' என்றதும் பதற வேண்டாம், அழிவது அட்டவணைதான். பாடல் கோப்புகள் அப்படியே இருக்கும்.

பிளேயர் சங்கதி வேறு. அது 3483 என்ற போர்ட்டில் நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுத்துச் சர்வரைத் தேடுகிறது. அக்குரல் ரௌட்டரைத் தாண்டி இன்னொரு நெட்வொர்க்குக்குப் போகாது. ஆகவே பிளேயர் விருந்தினர் வைஃபையில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில், பெட்டியின் ஃபயர்வாலில் (நெட்வொர்க் தொடர்புகளை வடிகட்டும் பாதுகாப்பு அமைப்பு) அந்தப் போர்ட்டை டிசிபி, யுடிபி என்ற இரு தகவல் அனுப்பும் முறைகளுக்கும் திறந்துவிடுங்கள்.