தட்டிப் பார்த்து மரமா என்று சொல்ல முடியாது

காட்பாடியில் நீங்கள் வாங்கப் பார்த்த பழைய பென்ஸின் டாஷ்போர்டில் இருப்பது அசல் மரமா என்று கேட்டிருந்தீர்கள். தட்டினால் பிளாஸ்டிக் போல ஒலிப்பதாலேயே அது போலி ஆகிவிடாது. அசலிலும் இருப்பது மெல்லிய மரச்சீவல்தான். விரல் தொடுவது அதன்மேல் தடிமனாகப் பூசிய வார்னிஷை.

சாம்பல் கிண்ண மூடியைத் திறந்து, வெட்டு விளிம்பில் டார்ச் அடியுங்கள். தனி மர அடுக்கு தெரிகிறதா? பிறகு கதவுகளில் உள்ள மரப் பட்டைகளை ஒப்பிடுங்கள். ஒரே கணு, ஒரே வளைவு அச்சு அசலாகத் திரும்ப வந்தால் அது அச்சிட்ட படம். பூதக்கண்ணாடியில் புள்ளிகளும் தெரியலாம். இடமும் வலமும் கண்ணாடி பிம்பமாக இருந்தால் சந்தேகப்படாதீர்கள், அடுத்தடுத்த சீவல்களைப் புத்தகம் போல விரித்து ஒட்டும் பழைய முறை அது.

வேலூர் வெயிலில் நின்ற வண்டியில் வார்னிஷ் மயிரிழையாக வெடித்திருக்கலாம். அது விலையைக் குறைத்துப் பேசக் காரணம். போலி என்பதற்குச் சாட்சி அல்ல. தயவுசெய்து சுரண்டிப் பார்க்காதீர்கள், வண்டி இன்னும் உங்களுடையது இல்லை.