“நான் வெறும் ஹெல்ப்பர்தானே?” பள்ளியில் உதவி ஆசிரியை கண்ணில் பட்டதை யாரிடம் சொல்வது

கேள்வி: கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு தனியார் நர்சரி பள்ளியில் யுகேஜி வகுப்புக்கு உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் ‘சின்ன மிஸ்’. ஒரு பையனின் கையில் அடிக்கடி தடம் தெரிகிறது, கேட்டால் விழுந்துட்டேன் என்கிறான். சாயங்காலம் அவன் மாமா பைக்கில் வந்து நின்றால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். கிளாஸ் மிஸ்ஸிடம் சொன்னேன். “அது வீட்டு விஷயம், நமக்கெதுக்கு வம்பு” என்றார். ஆன்லைனில் டீச்சிங் அசிஸ்டென்ட் படிப்பு ஒன்றும் படிக்கிறேன், அது இங்கிலாந்துப் பாடம். அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் குழந்தைப் பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பாராம், அவரிடம் சொல்ல வேண்டுமாம். எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை. நான் யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை போய்விடுமா? பையன் வீடு பாகூர் பக்கம், அது புதுச்சேரி என்பதால் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: முதலில் கடைசிக் கேள்வியின் அடியில் இருக்கிற பயத்தை எடுத்துக்கொள்கிறேன். “நான் வெறும் உதவியாளர், எனக்கென்ன உரிமை” என்ற நினைப்புதான் உங்களைத் தடுக்கிறது. யோசித்துப் பாருங்கள், கிளாஸ் மிஸ் போர்டைப் பார்த்து நிற்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்து நிற்பது நீங்கள். கை கழுவ விடுவது, டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து கொடுப்பது, பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது, ஈரமான சட்டையை மாற்றுவது, கேட்டில் யார் வந்து அழைத்துப் போகிறார்கள் என்று பார்ப்பது எல்லாம் நீங்கள்தான். முழுக்கைச் சட்டைக்குள் இருக்கிற தடம் பிரின்ஸிபாலுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளும் அதட்டுகிற மிஸ்ஸைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுக்கிற மிஸ்ஸிடம்தான் வாய் திறப்பார்கள்.

உங்கள் பாடத்தில் சொல்வது சரிதான். இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒரு பொறுப்பாளர் இருந்தே ஆக வேண்டும், உதவியாளர் உட்பட, பிள்ளைகளோடு நேரடியாக வேலை பார்க்கிற எல்லா ஊழியர்களும் குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டியின் முதல் பகுதியைப் படித்திருக்க வேண்டும். அந்தப் பாடத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, கவனிப்பது, காது கொடுப்பது, எழுதி வைப்பது, உரியவரிடம் சொல்வது என்ற வரிசையை. விசாரிப்பது நம் வேலை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரிடம் சொல்வது என்பதில் மட்டும் நம்மூர் சட்டம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

தடம் பற்றி. ஓடி ஆடுகிற பிள்ளைக்கு முழங்கால், முன்னங்கால் எலும்பு, நெற்றி, முழங்கை இங்கெல்லாம் அடிபடுவது சகஜம், அதையெல்லாம் சந்தேகப்பட்டால் வேலை பார்க்க முடியாது. மேல்கையின் உள்பக்கம், முதுகு, காது, தொடையின் பின்பக்கம், பிட்டம் இங்கே தடம் இருந்தால்தான் யோசிக்கணும், ஏனென்றால் விழும்போது அந்த இடங்கள் அவ்வளவு எளிதில் தரையில் படாது. கோடு கோடாக, வளையம் மாதிரி, விரல் பதிந்த மாதிரி இருந்தால் இன்னும் கவனம். நீலமா மஞ்சளா என்று பார்த்து “இது மூணு நாள் பழசு” என்று நாமே தீர்ப்பு சொல்வது வேண்டாம், நிறத்தை வைத்து நாளைச் சொல்வது டாக்டர்களாலேயே துல்லியமாக முடிவதில்லை. தடம் மட்டும்தான் அடையாளம் என்றும் இல்லை. திடீரென்று பேச்சு குறைவது, யாராவது கையைத் தூக்கினால் தலையை மறைத்துக்கொள்வது, நின்றுபோயிருந்த உச்சா மறுபடி உடையில் போவது, திங்கட்கிழமை காலையில் பசியோடு வந்து பக்கத்துப் பிள்ளை டிபனையே பார்த்துக்கொண்டிருப்பது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, இவை ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்து, தொடர்ந்தும் வந்தால் விஷயம் இருக்கிறது.

அந்த மாமாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவர்தான் அடிக்கிறார் என்று மனதில் முடிவு கட்டிவிடாதீர்கள். பைக் பயமாக இருக்கலாம், வீட்டில் வேறு யாரையோ நினைத்துப் பயப்படலாம். நீங்கள் முடிவு கட்டினால் அது உங்கள் கேள்வியில் வந்துவிடும், “மாமாவா அடிச்சாரு?” என்று கேட்டுவிடுவீர்கள், அஞ்சு வயசுப் பிள்ளை மிஸ் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லிவிடும். அப்புறம் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும், உண்மையிலேயே அடித்தவர் வேறு ஆளாக இருந்தால் அவர் தப்பித்துவிடுவார். கேட்கிற மாதிரி வந்தால் “இது எப்படிடா கண்ணா வந்துச்சு?” என்பதோடு நிறுத்துங்கள். அவனாகச் சொல்ல ஆரம்பித்தால் “ம்… அப்புறம்?” போதும். ஏன், எதுக்கு, நீ என்ன பண்ணின என்றெல்லாம் கேட்டால் தப்பு தன்மேல் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வான். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், அழாதீர்கள். மற்ற மிஸ்களைக் கூப்பிட்டு “இங்க பாருங்க இவன் கையை” என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க மிஸ்” என்று கேட்பான். பண்ணாதீர்கள். “நீ சொன்னது நல்லதுடா. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் மிஸ் சொல்லணும், எல்லார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். சத்தியம் பண்ணிவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை பெரியவர்கள் யாரிடமும் சொல்லாது.

எழுதி வைப்பதை எல்லாரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். ஒரு நோட்டு போடுங்கள், அதை வகுப்பில் வைக்காதீர்கள். இப்படி இருக்கணும்: “புதன், காலை 10.20. கை கழுவும்போது பார்த்தேன். இடது மேல்கை, உள்பக்கம், நீலத் தடம், ஒரு ரூபாய் நாணயம் அளவு. ‘எப்படி வந்துச்சு’ என்று கேட்டேன். ‘பெல்ட்டு’ என்றான். மேற்கொண்டு கேட்கவில்லை. 10.40-க்கு கிளாஸ் மிஸ்ஸிடம் சொன்னேன்.” அவ்வளவுதான். ‘பாவம்’, ‘கொடுமை’, ‘குடும்பமே சரியில்லை’ எதுவும் வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், ‘பெல்ட்டு’ என்றால் ‘பெல்ட்டு’தான், நீங்கள் ‘தாக்கினார்கள்’ என்று மாற்றக்கூடாது. உங்கள் போனில் போட்டோ எடுக்காதீர்கள். ஆதாரம் வேண்டுமென்று நினைத்து எடுப்பீர்கள், அது கேலரியிலிருந்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போக எவ்வளவு நேரமாகும்? பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகம், பள்ளி, குடும்பம் எதையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். காயத்தைப் பதிவு செய்ய டாக்டர் இருக்கிறார்.

சரி, யாரிடம் சொல்வது? கிளாஸ் மிஸ்ஸோடு நிற்காமல் நேரே பிரின்ஸிபாலிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும், நகல் ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்து போட மறுத்தால் மெயிலில் அனுப்புங்கள். வேலை பற்றிய உங்கள் பயத்துக்கு நான் கொடுக்கக்கூடிய உருப்படியான பதிலும் இந்த நகல்தான், வாய்ப்பேச்சை நாளைக்கு யாரும் மறுத்துவிடலாம். வேலைக்கு ஆபத்தே வராது என்று பொய் சொல்ல மாட்டேன், சில நிர்வாகங்கள் பெயர் கெட்டுப்போகும் என்று முகம் சுளிப்பார்கள்தான்.

அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்றால், அல்லது இன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது என்றால், 1098. குழந்தைகள் உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே பேசலாம். அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போகும். அந்தக் குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள், இளைஞர் நீதிச் சட்டம், 2015 கொடுத்த அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. பொறுப்பில் வைத்திருக்கிற பிள்ளையை அடித்து வதைப்பது அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம், பெற்றோராக இருந்தாலும். “போன் பண்ணினால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள்” என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. விடுதிக்கு அனுப்புவது கடைசி வழி என்றுதான் சட்டமே சொல்கிறது. முதலில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள், குடும்பத்தோடு பேசுவார்கள்.

பாலியல் சீண்டல் என்று சந்தேகம் வந்தால் கதையே வேறு. இங்கே பிரின்ஸிபாலிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியாது. போக்சோ சட்டம், 2012-ன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கப்போகிறது என்று அஞ்சுகிற எவரும் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ சொல்ல வேண்டும் என்கிறது. ‘எவரும்’ என்றால் வாட்ச்மேன், ஆயாம்மா, வேன் டிரைவர், நீங்கள், நிர்வாகி எல்லாரும். தெரிந்தும் சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு போட முடியாது என்பதும் அதே 19-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. நிர்வாகம் “நாங்க உள்ளுக்குள்ள பேசி முடிச்சிக்கிறோம்” என்றால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல். ராத்திரி எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போலீஸ் தகவல் கொடுக்க வேண்டும்.

அடிக்கிறவர் கிளாஸ் மிஸ்ஸாகவே இருந்தால்? இதைக் கேட்க நிறைய உதவியாளர்களுக்கு நாக்கு எழாது. கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 17-ஆம் பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது, “உங்கப்பன் மாதிரியே மக்கு” என்று எல்லார் முன்னாலும் சொல்வது, எல்லாம் இதில் வரும். பள்ளிக்குள் சொல்லிப் பயனில்லை என்றால் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் யுகேஜி பிள்ளை எழுதியா போடும்? எழுதவும் பேசவும் முடியாத பிள்ளைக்கு அந்தப் பெட்டி நீங்கள்தான், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம்.

உங்களைக் காத்துக்கொள்வதும் இதில் சேர்த்திதான். பாத்ரூமுக்குக் கூட்டிப் போகும்போது கிளாஸ் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வெளிக்கதவைத் தாழ் போடாதீர்கள், பிள்ளை தானே செய்ய முடிந்ததைத் தானே செய்யட்டும். சட்டை மாற்றினால் என்ன காரணம் என்று டயரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். கேட்டில், அழைத்துப் போகலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த ஆள்தானா என்று பாருங்கள், புது ஆள் வந்து “நான் சித்தப்பா” என்றால் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகே அனுப்புங்கள். மனம் கோணினால் கோணட்டும். வேன், ஷேர் ஆட்டோ ஏறும்போது தலை எண்ணுங்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போன பிறகும் மாடிப்படியில் பழைய பெஞ்சை அடுக்கி வைக்கிற பள்ளிகள் இருக்கின்றன, அதைக் கண்டால் சொல்வதும் பிள்ளைப் பாதுகாப்புதான்.

பெரிய வகுப்புகளுக்கு மாறினால் வேறு மாதிரி வரும்: போனில் வருகிற மிரட்டல், டியூஷன் போகமாட்டேன் என்று அடம், பத்தாம் வகுப்பு லீவில் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு. 18 வயது முடியாத பெண் என்றால் அதற்கும் 1098-தான்.

பாகூர்க் குழப்பத்துக்கு வருகிறேன். 1098 நாடு முழுக்க ஒரே எண், கன்னியக்கோயில் எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் எடுப்பார்கள். வீடு புதுச்சேரியில், பள்ளி கடலூரில் என்று முதலிலேயே இரண்டையும் சொல்லிவிடுங்கள், எந்த ஊர்க் குழு எடுத்துக்கொள்வது என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். 14417 மட்டும் தமிழ்நாட்டுக்குரியது, உங்கள் பள்ளி கடலூரில் இருப்பதால் பள்ளி சம்பந்தப்பட்ட புகாருக்கு அது உங்களுக்குச் செல்லும். போலீஸ் வரை போக நேர்ந்து “சம்பவம் எங்க லிமிட் இல்லம்மா, பாகூர் ஸ்டேஷனுக்குப் போங்க” என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்துவிட்டு உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பதிந்த தகவலின் நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.