வாத்தியாரைக் கேளுங்கள்: கல்கத்தாக் கோப்பை யாருக்கு?

(விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பதில் தரும் பகுதி. இந்த இதழில், 2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் நடக்கவிருக்கும் இங்கிலாந்து – ஸ்காட்லாந்து ரக்பி ஆட்டம்.)

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை துபாயில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுகின்றன. ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது. நீங்கள் என்னவென்றால் போன இதழில் "சனிக்கிழமை ரக்பி பாருங்கள்" என்று எழுதிவிட்டீர்கள். வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் முட்டிக்கொள்வதை நாம் ஏன் தூக்கம் கெட்டுப் பார்க்க வேண்டும்?
— மளிகைக் கடைக்காரர், பேட்டை

அவர்கள் முட்டிக்கொள்வது நம் ஊர் வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பைக்காக, அண்ணாச்சி. அதனால்தான் அதன் பெயரே கல்கத்தாக் கோப்பை.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்து. மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்த கலவை. ஆட்டம் பிடித்துப்போய், அடுத்த மாதமே கல்கத்தா புட்பால் கிளப் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். 1874-ல் இங்கிலாந்தின் ரக்பி யூனியனிலும் சேர்ந்தாயிற்று. தொடக்கத்தில் கிளப்பில் இலவச மது உண்டு. அதை நிறுத்தியதும் உறுப்பினர்கள் கழன்றுகொண்டார்கள்! ஆட்டத்தில் ஆர்வமாக இருந்த பட்டாளமும் வேறு ஊருக்குப் போனது. மிச்சம் இருந்தவர்கள் போலோ, டென்னிஸ் பக்கம் சாய்ந்தார்கள். வங்காளத்துப் புழுக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளும் ஆட்டம் எத்தனை நாள் தாங்கும்? ஐந்தாறு வருடத்தில் கிளப்பை மூடிவிட்டார்கள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். வங்கிக் கணக்கில் பணம் மீதம் இருந்தது. நம் பக்கத்தில் ஒரு மன்றம் கலைந்தால் மீதிப் பணம் எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கிளப்பில் ரோத்னி என்று ஒருவர்; கேப்டன், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, இந்தியக் கைவினைஞர்களிடம் கொடுத்து ஒரு கோப்பை செய்ய வைத்தார். 1878-ல் ரக்பி யூனியனிடம் ஒப்படைத்தார். கிளப்புகளுக்கு இடையே போட்டி வைத்துக் கொடுங்கள் என்பது கல்கத்தாக்காரர்களின் விருப்பம். யூனியன் அதைக் கேட்காமல் இங்கிலாந்து – ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு என்று வைத்துவிட்டது. 1879 மார்ச்சில் எடின்பரோவில் நடந்த முதல் ஆட்டம் டிரா. கிரிக்கெட்டில் ஆஷஸ் என்ற பேச்சு பிறந்ததே 1882-ல்தான். அதைவிட மூத்தது இந்தக் கோப்பை. நம் வெள்ளியை அவர்கள் வைத்திருக்கிறார்கள். அதற்காக அடித்துக்கொள்வதையாவது நாம் பார்த்துவிடலாமே.

கோப்பைக்கு எத்தனை ரூபாயை உருக்கினார்கள்? வேலைப்பாடு எப்படி?
— வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலி டவுன்

270 ரூபாய் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்து ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பெருக்கிப் பாருங்கள்: 3 கிலோ 150 கிராமுக்கு ஒட்டி வரும். சேதாரத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் நான் தலையிட மாட்டேன்.

உயரம் சுமார் 18 அங்குலம். கைப்பிடிகள் மூன்று, மூன்றும் ராஜநாகம். மூடியின் உச்சியில் ஒரு யானை. வெளிநாட்டுக் கோப்பைகள் பலவற்றைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பூச்சாடிக்குக் காது வைத்த மாதிரி இருக்கும். இதில் மட்டும்தான் பட்டறையில் உட்கார்ந்து தட்டியவனின் கை தெரிகிறது. பாம்பின் உடம்பு கோப்பையின் அடியிலிருந்து வளைந்து மேலே ஏறிப் படம் எடுக்கிறது. பிடித்துத் தூக்குபவன் பாம்பின் உடம்பைத்தான் பிடித்தாக வேண்டும்.

1988-ல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, இரண்டு அணியிலும் ஆளுக்கொருவர் சேர்ந்து, குடித்த மப்பில் இந்தக் கோப்பையைத் தெருவில் பந்தாக உருட்டி நசுக்கிவிட்டார்கள். இங்கிலாந்து தன் ஆளுக்கு லேசாகவும், ஸ்காட்லாந்து தன் ஆளுக்குக் கடுமையாகவும் தண்டனை கொடுத்தன. கோப்பையை ஒடுக்கெடுத்துச் சரிசெய்துவிட்டார்கள். உங்களிடம் வந்திருந்தால் கூலியை இரண்டு மடங்காகக் கேட்டிருப்பீர்கள்.

ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாதாமே? பிறகு எப்படி முன்னேறுவது? புள்ளிக் கணக்கும் புரியவில்லை, ஐயா.
— பிளஸ் டூ மாணவி, வீரவநல்லூர்

ஓடித்தான் முன்னேற வேண்டும், அம்மா. பந்தைக் கையால் எறிந்தால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் போக வேண்டும். காலால் உதைப்பதானால் முன்னால் அனுப்பலாம். ஒரு பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம்.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் அது டிரை, 5 புள்ளி. அதற்குப் பின் ஓர் உதை உண்டு. கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் போனால் 2 புள்ளி. எதிரி தப்பு செய்ததால் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3. ஆட்ட ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைத்தாலும் 3.

அந்த 2 புள்ளி உதையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி எந்த இடத்தில் பந்தை வைத்தார்களோ, அதற்கு நேர் பின்னால்தான் உதைக்க வேண்டும். கம்பங்களுக்கு நடுவே டிரை வைத்தால் பள்ளிக்கூடப் பையனும் உதைத்துவிடுவான். மூலையில் வைத்தால், உதைப்பவர் மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர் இடைவெளி. அங்கிருந்து பார்த்தால் ஒரு கீற்றுதான் தெரியும். 60 விநாடிக்குள் உதைத்தாக வேண்டும். ஸ்காட்லாந்து டிரை வைப்பது பெரும்பாலும் மூலையில்தான். சனிக்கிழமை ராத்திரி இது ஞாபகம் இருக்கட்டும்.

நாங்கள் ஊர்க் குழுவில் கபடி ஆடுகிறோம். ரக்பியில் ஆளைப் பிடிப்பதும் கபடிப் பிடியும் ஒன்றுதானா?
— கபடி வீரர், நாங்குநேரி

அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் பிறந்த சீமையிலிருந்து கேட்கிறீர்கள். சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது.

குனிந்து தொடையைக் கட்டி ஆளைச் சாய்ப்பது இரண்டிலும் உண்டு. ரக்பியில் கை சுற்றிப் பிடிக்க வேண்டும். தோளால் மட்டும் இடித்தால் தப்பு, தோளுக்கு மேலே பிடித்தால் பெரிய தப்பு, தலையில் பட்டால் சிவப்பு அட்டை வரை போகும். ரக்பியில் ஆள் கீழே விழுந்ததும் பிடியை விட்டுவிட வேண்டும். நம் ஆட்டத்தில் விழுந்த பிறகுதான் பிடி இறுகும். இன்னொன்று: ரக்பியில் பந்தோடு ஓடுபவனைப் பிடித்து ஓரக்கோட்டுக்கு வெளியே தள்ளினால் கைதட்டு. பந்தும் தள்ளிய அணிக்கு வந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் இடது ஓரத்தில் டுஹான் வான் டெர் மெர்வ என்று ஓர் ஆள் ஓடுவார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், பனைமரத்து உயரம். இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய நான்கே ஆட்டத்தில் ஆறு டிரை. 2023-ல் ட்விக்கனத்தில் தன் பாதியில் பந்தை வாங்கி, ஐந்தாறு பேரை விலக்கி ஓடி வைத்த டிரையை வீடியோவில் தேடிப் பாருங்கள். முதல் ஆள் மேலே பிடிக்கப் போகிறான். வான் டெர் மெர்வ கையை நீட்டி விலக்கிவிடுகிறார். அடுத்தவன் எதிரே நேராக நிற்கிறான். ஒரு வெட்டு வெட்டி உள்ளே வந்துவிடுகிறார். ஒருவன்கூடக் கணுக்காலுக்குப் போகவில்லை. நாங்குநேரியில் எந்தக் கோடி ஆட்டக்காரனும் அப்படி விட்டிருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

கால்டுவெல் ஐயர் உயிரோடு இருந்தால் எந்தப் பக்கம் கைதட்டுவார்?
— வாசகர், இடையன்குடி

கேள்வியில் குறும்பு இருந்தாலும் நல்ல கேள்வி. அவர் பிறந்தது அயர்லாந்தில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், படிப்பு கிளாஸ்கோ, பிஷப் பட்டம் இங்கிலாந்துத் திருச்சபையில், வாழ்ந்ததும் அடக்கமானதும் உங்கள் ஊர்த் தேரியில். மூன்று நாட்டு அணியிலும் ஆடத் தகுதி உள்ளவர்!

இன்றைய அணிகளும் அப்படித்தான். இங்கிலாந்துக்குப் பத்தாம் எண் சட்டையில் (ஆட்டத்தை நடத்துபவரின் எண் அது) ஆடும் ஃபின் ஸ்மித்தின் தாத்தா ஸ்காட்லாந்துக்கு ஆடியவர். ஸ்காட்லாந்து கேப்டன் சியோனே டுய்புலோட்டு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பாட்டி கிளாஸ்கோ பக்கத்துக் கிரீனக் ஊர்க்காரர், அந்தப் பாட்டியின் கணக்கில்தான் அணிக்குள் வந்தார். பாவம், இந்த ஆட்டமும் அடங்கிய ஆறு நாடுகள் தொடர் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ், இத்தாலி) முழுக்கக் காயத்தால் அவர் இல்லை.

என் தாத்தா இங்கே மில்லில் வேலை பார்த்தவர். ஹார்வி துரைமார் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பார். அதனால் நான் ஸ்காட்லாந்து பக்கம். சரிதானே?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

சரிதான். பாபநாசத்துத் தண்ணீர் விசையை நம்பி உங்கள் ஊரில் ஹார்வி சகோதரர்கள் மில் வைத்தது 1880-களில். பின்னாளில் அதோடு சேர்ந்த கோட்ஸ் கம்பெனியும் கிளாஸ்கோவை ஒட்டிய பெய்ஸ்லி ஊரின் நூல் கம்பெனிதான். ஆனால், தாத்தா வாங்கிய கூலியை நினைத்துப் பார்த்து எதிர்ப் பக்கம் நின்றாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆட்டம் நம் நேரப்படி எப்போது?
— வாசகர், மேலப்பாளையம்

இரவு 10.15. இடைவேளையும் காயத்துக்கு நிறுத்துவதும் சேர்ந்து நள்ளிரவு தாண்டும்.

விடுதியில் என் அறைத் தோழனோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். தோற்றவன் ஒரு வாரம் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் தூக்க வேண்டும். நான் இங்கிலாந்து. யார் ஜெயிப்பார்கள் சார்?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ஊர் மைதானத்தில் ஆடுவது இங்கிலாந்து, 80,000 பேர் கத்துவார்கள் என்று நினைத்துக் கட்டியிருப்பீர்கள். கணக்கைப் பாருங்கள், தம்பி. ஸ்காட்லாந்து தொடர்ந்து நான்கு வருடம் ஜெயித்திருக்கிறது: 2021-ல் 11–6, 2022-ல் 20–17, 2023-ல் 29–23, 2024-ல் 30–21. இதில் முதலாவதும் மூன்றாவதும் இதே ட்விக்கனத்தில். 2021-க்கு முன் அவர்கள் அங்கே ஜெயித்தது 1983-ல். இங்கிலாந்து கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 2020-ல், எடின்பரோவில், புயல் காற்றில் 13–6 என்று.

இந்த வருட ஆறு நாடுகள் தொடரில் இரண்டும் ஆளுக்கொரு வெற்றி, ஒரு தோல்வி. இங்கிலாந்து டப்ளினில் அயர்லாந்திடம் 22–27 என்று தோற்றது. இடைவேளையில் முன்னிலையில் இருந்த ஆட்டம் அது. கடைசி இருபது நிமிடத்தில் கைவிடுவது அவர்களுக்கு வழக்கமாகவே ஆகியிருந்தது. அடுத்த வாரம் பிரான்ஸை 26–25 என்று கடைசி நிமிடங்களில் மடக்கினார்கள்: மாற்று ஆளாக வந்த எலியட் டேலி டிரை வைக்க, ஃபின் ஸ்மித் உதையைப் போட்டுவிட்டார். பத்தாம் எண்ணில் அவர் தொடக்கத்திலிருந்து இறங்கிய முதல் ஆட்டம் அது. நெஞ்சுரம் உள்ள பையன். புதுக் கேப்டன் மாரோ இடோஜே வரிசைப் பந்தில் (பந்து ஓரக்கோட்டைத் தாண்டிய பின், இரண்டு அணியும் வரிசையாக நின்று உள்ளே எறியும் பந்தை எகிறிப் பிடிப்பது) எதிரியின் பந்தைத் திருடுவதில் கெட்டிக்காரர்.

ஸ்காட்லாந்து இத்தாலியை 31–19 என்று வென்றது; ஹ்யூ ஜோன்ஸ் மூன்று டிரை. பிறகு அயர்லாந்திடம் 18–32 என்று உதை வாங்கியது. அந்த ஆட்டத்தில் ஃபின் ரஸ்ஸலும் டார்சி கிரஹாமும் ஒரே ஆளைப் பிடிக்கப் போய்த் தலையோடு தலை மோதிக்கொண்டு வெளியேறினார்கள். ஸ்காட்லாந்தின் மூளை ரஸ்ஸல். அவர் இறங்கினால் ஆட்டம் ஒரு மாதிரி, இறங்காவிட்டால் வேறு மாதிரி. இதை எழுதும்போது அணி அறிவிக்கப்படவில்லை. நான் அவர் இறங்குவார் என்று வைத்துத்தான் சொல்கிறேன்.

டிரை எண்ணிக்கையில் ஸ்காட்லாந்து முந்தும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் மூலையில் விழும். அதற்குப் பின் வரும் உதைகளை ரஸ்ஸல் போட வேண்டும். இங்கிலாந்து நெருக்கி ஆடிப் பெனால்டியில் மூன்று மூன்றாகச் சேர்க்கும். ஸ்காட்லாந்து ஜெயிக்கும் என்பது என் கட்சி, ஒரே ஓர் உதை வித்தியாசத்தில். அந்த உதை தவறினால் உங்கள் அதிர்ஷ்டம்.

பந்தயம் கட்டும்போது டிராவைப் பற்றிப் பேசினீர்களா? 2019-ல் இதே மைதானத்தில் இங்கிலாந்து 31–0 என்று முன்னே இருந்து, கடைசியில் 38–38-ல் முடிந்தது. சமநிலையில் முடிந்தால் கோப்பை ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே இருக்கும். அப்போதும் ஸ்காட்லாந்திடமே இருந்தது, இப்போதும் அவர்களிடம்தான் இருக்கிறது. தோழன் விவரம் உள்ளவனாக இருந்தால் டிரா ஆனாலும் குடத்தை உங்கள் கையில் கொடுத்துவிடுவான். சனிக்கிழமைக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.