மாமனாரைச் சாய்த்த கொரோனா எனக்கு ஏன் வெறும் காய்ச்சல்? மரபணுவைச் சோதிக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் கூட்டுக் குடும்பம். 2021 மே மாதம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. சர்க்கரை உள்ள மாமனார் (62) ஆக்சிஜனில் கிடந்து மீண்டார். அவருடைய தம்பி (58) தவறிவிட்டார். எனக்கும் அத்தைக்கும் இரண்டு நாள் காய்ச்சலோடு போயிற்று. நான் அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். 4 வயது மகனுக்கு மழைக்காலம் வந்தால் சளி விடுவதில்லை. எச்சிலை வைத்து மரபணுப் பரிசோதனை செய்து தருவதாக ஒரு லேப் சொல்கிறது. செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரே வீட்டில் ஒரே வைரஸ் ஒருவரை விட்டு இன்னொருவரைச் சாய்ப்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு.

வைரஸ் நுழைந்த செல், இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். இந்தத் தகவல் தாமதமானால் வைரஸ் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். நெதர்லாந்தில் 2020இல் இரண்டு குடும்பங்களில், 35 வயதுகூட ஆகாத அண்ணன் தம்பிகள் நான்கு பேர் வென்டிலேட்டர் வரை போனார்கள். வைரஸை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7 என்ற மரபணு அவர்களிடம் பழுதாக இருந்தது. மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில், எக்ஸ் என்பதில் அது இருப்பதால், ஆணுக்கு ஒரே பிரதிதான், மாற்றுக் கிடையாது.

உங்கள் வீட்டிலும் அண்ணன் தம்பிதானே என்று கேட்பீர்கள். அந்த இளைஞர்களுக்கு வேறு நோய் எதுவும் இருக்கவில்லை. இங்கே வயது இருக்கிறது, மாமனாருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. இந்த வயதில் நான் முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன்.

சரி, லேப் எதைச் சொல்லும்? பெரும்பாலும் மூன்றாவது குரோமோசோமில் உள்ள ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டும். கொரோனா தீவிரமாகும் வாய்ப்பை அது கூட்டுகிறது. அழிந்துபோன பழங்கால நியாண்டர்தால் மனிதரிடமிருந்து நமக்கு வந்தது என்று ஸ்வாந்தே பாபோ, ஹ்யூகோ ஸீபர்க் என்ற விஞ்ஞானிகள் 2020இல் காட்டினார்கள். ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம் இருக்கிறது. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம். உங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ‘ஆபத்து’ என்று வரக்கூடிய ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன வைத்தியம் சொல்வது?

அத்தை மகன் விஷயத்துக்கு வருகிறேன். பிரான்ஸில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று சாதாரண ஃப்ளூவில் உயிருக்குப் போராடியது. இன்டர்ஃபெரானைச் சுரக்கவைக்கும் ஐஆர்எஃப்7 என்ற மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுது என்று 2015இல் தெரியவந்தது. சொந்தத்தில் மணம் முடித்தால் இப்படி இரண்டு பழுதுகள் ஒன்றுசேரும் வாய்ப்பு கூடும். கூடினாலும் மிக அபூர்வம்தான். அதை நினைத்துத் தூக்கம் கெடாதீர்கள். அந்தக் குழந்தைக்கு அப்புறம் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள், நன்றாக வளர்ந்தது. மரபணு பழுதாகியும் தடுப்பூசி கைகொடுத்தது என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி.

உங்கள் மகனுக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடித்தால் அது இந்த வயதுக்கு இயல்பு. ஒரே வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால்தான் அடங்கும் தொற்று, எடை ஏறாமை, சொந்தத்தில் சின்ன வயதிலேயே தொற்றால் இறந்த குழந்தை: இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின் (தொற்றை எதிர்க்கும் புரதம்) அளவு இரண்டையும் முதலில் பார்ப்பார்கள். அதில் சந்தேகம் வந்தால்தான் மரபணுச் சோதனைக்கு அர்த்தம்.

ஃப்ளூ நம் சென்னையில் அக்டோபர், நவம்பர் மழையோடு உச்சத்துக்கு வருகிறது. ஆகஸ்ட் கடைசியிலேயே ஊசியைத் தொடங்குங்கள். பையனுக்கு முதல் தடவை என்றால் 4 வார இடைவெளியில் 2 டோஸ். மாமனாருக்கு ஒன்று போதும். அவருக்கு நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சளியோடு காய்ச்சல் வரும் இரவில், பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஆவி பிடித்துப் பார்க்கலாம் என்று விடியும்வரை வைத்திருக்காதீர்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு எந்த நேரத்திலும் தூக்கிக்கொண்டு போகலாம்.