உள்ளே போனால் மட்டும் போதாது!
வாசகர் கேள்வி – பதில்

கே: ஆம்பிசிலின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை உடைக்கும் டெம்-1 என்ற பாக்டீரியா நொதி, செஃபோடாக்சிம் என்ற இன்னொரு மருந்திடம் ஏன் தோற்கிறது? இரண்டிலும் இருப்பது நொதி தாக்கும் அதே பீட்டா-லாக்டம் வளையம்தானே?
– முதுகலை மாணவி, திருச்சி

ப: வளையத்தில் சிக்கல் இல்லை, அதை ஒட்டித் தொங்கும் பக்கச்சங்கிலியில்தான் இருக்கிறது. நொதி ஓர் அமினோ அமிலச் சங்கிலி; இங்கே வரும் எண்கள் அந்தச் சங்கிலியின் இடங்கள். டெம்-1இல் மருந்து வந்து அமரும் குழியில், 70ஆம் இடத்து அமினோ அமிலமான செரின் வளையத்தைத் தாக்கி, மருந்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். பிறகு 166ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் ஒரு நீர் மூலக்கூறை முடுக்கிவிட்டு அந்தப் பிணைப்பை அறுக்கும். மருந்து உடைந்து வெளியேற, நொதி அடுத்ததற்குத் தயார்.

குழியின் ஒரு சுவர் 238ஆம் இடத்தை ஒட்டிய பீட்டா இழை. எதிர்ச் சுவர் 164 முதல் 179 வரையுள்ள ஒமேகா வளைவு. இதன் இரு முனைகளையும் 164இன் ஆர்ஜினினும் 179இன் ஆஸ்பார்டிக் அமிலமும் மின்னேற்ற ஈர்ப்பால் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. ஆம்பிசிலினின் சிறிய பென்சீன் வளையம் இந்த இடுக்கில் தாராளமாக அமரும். செஃபோடாக்சிமின் அமினோதயசோலும் ஆக்சிமினோ கிளையும் பருத்தவை. சரியான கோணத்தில் உட்காராது.

ஒரே மாற்றம் போதும், நிலைமை தலைகீழாகிவிடும். 238இல் கிளைசின் போய்ச் செரின் வந்தால் இழை விலகும். 164இல் ஆர்ஜினின் போய்ச் செரின் வந்தால் கட்டு அவிழ்ந்து வளைவு தளரும். ஆனால் இடம் கிடைத்த அளவுக்கு நொதியின் உறுதி குறையும், பென்சிலினை உடைக்கும் வேகமும் சரியும். அதனால்தான் டெம்-1இலிருந்து மாறிவந்த டெம்-52 நொதியில் 104, 238 மாற்றங்களோடு, குழியிலிருந்து தள்ளியிருக்கும் 182ஆம் இடத்திலும் ஒரு மாற்றம் இருக்கிறது. அதன் வேலை தளர்ந்த கட்டமைப்புக்கு முட்டுக் கொடுப்பது.

நொதி பூட்டு, அதில் பொருந்துவது சாவி என்று 1894இல் எமில் ஃபிஷர் சொன்ன உவமையைத் தேர்வில் எழுதுங்கள், ஆனால் முழுதாக நம்பிவிடாதீர்கள். கார்பபெனம் வகை மருந்தான மெரோபெனம் டெம்-1க்குள் போகிறது, செரினோடு பிணைகிறது. அதன் ஹைட்ராக்சிஎத்தில் கிளை நீர் மூலக்கூறுக்கு இடைஞ்சலாக நிற்பதால் அறுபடுவதுதான் நடப்பதில்லை.

கே: 625 மி.கி. மாத்திரையில் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் 500 மி.கி. போக, 125 மி.கி. கிளாவுலானிக் அமிலம் எதற்கு?
– மருந்தாளுநர், மதுரை

ப: அது டெம்-1 போன்ற, மருந்தை உடைக்கும் நொதிக்கு வைத்த பொறி. இரையைப் போல நுழைந்து, செரினோடு பிணைந்து, உள்ளேயே உருமாறி ஒட்டிக்கொள்ளும். செரின் இல்லாத நொதியிடம் இது பலிக்காது. அப்படிப்பட்ட ஒரு பாக்டீரியா நொதியான என்.டி.எம்.-1இன் குழியில் இரண்டு துத்தநாக அயனிகளே நீரை முடுக்குகின்றன, கார்பபெனமும் தப்பாது. 2010இல் அது பற்றி வெளியான பெரிய ஆய்வில் சென்னையில் திரட்டிய பாக்டீரியாக்களும் இடம்பெற்றன.

கே: இ.எஸ்.பி.எல். (செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளையும் உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதிகள்) உறுதிச் சோதனையில் செஃபோடாக்சிம், அதன் இனத்தைச் சேர்ந்த செஃப்டாசிடிம் இரண்டையும் ஏன் வைக்க வேண்டும்? ஒன்று போதாதா?
– ஆய்வுக்கூட நுட்பர், கோவை

ப: போதாது. 164இல் மாறிய டெம் வகைகள் செஃப்டாசிடிமை நன்றாக உடைக்கும், செஃபோடாக்சிமை அவ்வளவாக இல்லை. இன்னொரு இ.எஸ்.பி.எல். குடும்பமான சி.டி.எக்ஸ்-எம் வகைகள் பலவும் இதற்கு நேர்மாறு. ஒன்றை மட்டும் வைத்தால் மற்றது நழுவிவிடும்.

மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் அளவுக்குக் கரைத்த பாக்டீரியாவை முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு மருந்திலும் 30 மைக்ரோகிராம் டிஸ்க்கையும் (மருந்து ஊறிய காகித வில்லை), அதே அளவோடு 10 மைக்ரோகிராம் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த டிஸ்க்கையும் வையுங்கள். 35 டிகிரியில் 16–18 மணி நேரம் கழித்து, கிளாவுலானிக் சேர்ந்த டிஸ்க்கைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தடை வட்டம், சேராததன் வட்டத்தைவிட ஏதாவது ஒரு மருந்திலாவது 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிடிவ்.

இரண்டு இடத்தில் கோட்டை விடுவார்கள். கிளாவுலானிக் அமிலம் ஈரத்துக்கு ஆகாது; குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அடுத்தது, பாக்டீரியாவில் ஆம்ப்-சி என்ற வேறொரு பீட்டா-லாக்டமேஸ் நொதியும் இருந்தால் கிளாவுலானிக் அதைத் தடுக்காது; வட்டம் பெரிதாகாமல் பொய் நெகடிவ் வரும். சந்தேகமிருந்தால், ஆம்ப்-சி எளிதில் உடைக்காத செஃபிபிம் என்ற மருந்தை வைத்து இதே ஒப்பீட்டைச் செய்து பாருங்கள்.