இரைகொல்லிப் பறவைகளின் அன்றாடப் பசி: கேள்வி பதில்

கேள்வி: இரைகொல்லிப் பறவைக்கு ஒரு நாளைக்கு எடையில் பத்து சதவீதம் உணவு போதும் என்கிறார்களே, சரியா?

நடுத்தர அளவுப் பறவைக்கு ஓரளவு சரி. எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டினால் சின்னது பட்டினி கிடக்கும், பெரியது கொழுத்துப் போகும். ஒரு கிலோ பறவை சும்மா உட்கார்ந்திருக்கவே நாளைக்குச் சுமார் 78 கிலோகலோரி செலவாகிறது. 200 கிராம் எடையுள்ள சிற்றெழாலுக்கு (வல்லூறு போன்ற சின்ன வேட்டைப் பறவை) 23 போதும். 4 கிலோ கழுகுக்கு ஏறக்குறைய 220. எடை இருபது மடங்கு ஏறியும் செலவு பத்து மடங்கைத் தொடவில்லை, கவனித்தீர்களா? உடல் பெருக்கப் பெருக்க, ஒவ்வொரு கிராமுக்கும் ஆகும் செலவு குறைகிறது.

இது வெறும் இருப்புச் செலவுதான். பறந்து வேட்டையாடினால் நாள் மொத்தச் செலவு இரண்டு, மூன்று மடங்காகும். அப்போது சிற்றெழாலுக்கு நாளைக்கு இரண்டு மூன்று சுண்டெலி வேண்டும், அதாவது எடையில் கால்வாசி வரை. கூண்டில் அதிகம் பறக்காத பெருங்கழுகுக்கோ ஐந்திலிருந்து எட்டு சதவீதமே தாராளம்.

கேள்வி: கூட்டில் இருக்கும் குஞ்சு, தாயைவிட அதிகம் தின்னுமா?

ஒரு கட்டத்தில், ஆமாம். பொரித்த முதல் சில நாட்கள் அளவு ரொம்பக் குறைவு. தாய் சதையை நார் நாராகக் கிழித்து அலகு நுனியில் நீட்டும். குஞ்சால் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது, அதனால் அந்தச் செலவைத் தாய் தன் உடம்பால் அணைத்துக் கட்டுகிறது. பிறகு எலும்பு, தசை, கடைசியாக இறகு எல்லாம் அடுத்தடுத்து வளரும்போது பசி உச்சத்துக்குப் போகிறது.

நான் கூகை (ஓர் ஆந்தை வகை) குஞ்சு ஒன்றைத் தினமும் தராசில் வைத்துக் குறித்தவன். வளர்ந்த கூகையையும் தாண்டி எடை போட்டது. அப்புறம் ஒரு வாரத்தில் முள் சரிவது கண்டு பயந்துவிட்டேன். ஒன்றுமில்லை, கூகைக்கு அதுதான் வழக்கம். இறகு முற்றும், எடை இறங்கும், பறக்கத் தோதாகும்.

கேள்வி: முட்டையிடும் காலத்தில் பெண்ணுக்கு?

சிற்றெழால் முட்டை ஒன்று சுமார் 20 கிராம். ஐந்து இட்டால் தன் எடையில் கிட்டத்தட்டப் பாதியை உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வேட்டையை ஆணிடம் விட்டுவிட்டு உட்காருகிறது. அந்தக் காலத்தில் ஆண் படும் பாடு தனிக்கதை.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும்?

இரையிலேயே பெரும்பங்கு தண்ணீர்தான். தட்டில் வையுங்கள், குளிக்கவாவது ஆகும்.

கேள்வி: கிளிக்கு என்ன தீனி நல்லது?

கிளி வளர்ப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: கழுகு பல நாள் தின்னாமலே இருக்கும். அப்புறம் ‘அன்றாடத் தேவை’ என்று பேசுவதே தப்பில்லையா சார்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். தேவை அன்றாடம்தான், சாப்பாடுதான் அன்றாடம் இல்லை. பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, இரை கிடைத்தபோது தீனிப்பை (தொண்டைக்குக் கீழே உணவைச் சேர்க்கும் பை) புடைக்கத் தின்று, பல நாள் அதைச் செரித்து ஓட்டும். ஆனால் அந்த நாட்களிலும் செலவு நடந்துகொண்டே இருக்கிறது.

அவரே மறுபடியும்: நாள் முழுக்கப் பறக்கும் பறவை எப்படிப் பட்டினியைத் தாங்கும்? கணக்கு உதைக்கிறதே?

‘பறத்தல்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேலையைப் போட்டுக் குழப்புகிறீர்கள். இறக்கையடித்துப் பறப்பது, பறக்கும் அந்த நேரத்துக்கு, இருப்புச் செலவைப்போலப் பத்து மடங்குகூடக் கேட்கும். காற்றில் மிதப்பது இரண்டு மடங்கு அளவில் முடிந்துவிடும். தென் அமெரிக்காவின் பெரிய பிணந்தின்னிப் பறவையான ஆண்டியன் காண்டோர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள்: பறந்த நேரத்தில் இறக்கையடித்தது ஒரு சதவீதம்தான். ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்குமேல், 172 கிலோமீட்டர், ஒருமுறைகூட அடிக்கவில்லை!

அவரே: அப்படியானால் சிற்றெழாலும் மிதக்கலாமே?

ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று கீழே எலி தேடும் பிழைப்பு அதற்கு. சேமிப்பும் சின்னது. குளிரும் மழையும் இரண்டு மூன்று நாள் விடாமல் பிடித்தால் ஆள் காலி. சரி, இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மெலிந்து கிடந்த பருந்து ஒன்று கிடைத்தது. முழு எலி கொடுத்தேன், செத்துவிட்டது. ஏன்?

வருத்தமாக இருக்கிறது, ஆனால் இது பலருக்கும் நடப்பதுதான். மார்பின் நடு எலும்பைத் தடவிப் பாருங்கள். கத்திபோலக் கூராக இருந்தால் சதை கரைந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் செரிக்கவே தெம்பு கிடையாது. திடீர் உணவு இரத்தத்து உப்புகளைக் குலைத்து இதயத்தை நிறுத்திவிடும். முதலில் சூடு, அடுத்து நீர்மம், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. அதையும் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: குஞ்சுக்குப் பாலும் ரொட்டியும் தரலாமா?

கூடாது. வெறும் சதையும் கூடாது, சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துவிடும். எலும்போடு முழு இரை வேண்டும்.

கேள்வி: சிறகில் குறுக்கே கண்ணாடிபோல ஒரு கோடு தெரிகிறது, நோயா?

பசிக்கோடு. அந்த இடம் வளர்ந்த நாளில் பறவைக்குச் சாப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் நன்றாகத் தெரியும். சிறகு ஒடிந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒடியும்.

கேள்வி: குஞ்சுக்குப் பசும்பால், தண்ணீர் கலந்து…

கூடாது, மேலே சொன்னதைப் படியுங்கள். குஞ்சை அட்டைப்பெட்டியில் இருட்டில் வையுங்கள், வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள்.