‘நான் பார்ப்பதில்லை, ஜனங்கள் பார்ப்பார்கள்’

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கத்தோலிக்கரான கென்னடி அமெரிக்க ஜனாதிபதியாக ஜெயித்த 1960 தேர்தலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். நான் மதம் பார்ப்பதில்லை, ஆனால் ஜனங்கள் பார்ப்பார்கள். அப்படியிருக்க ஒரு கட்சி வேட்பாளரைத் தேடும்போது இவரை ஏற்றுக்கொள்வார்களா மாட்டார்களா என்று யோசிப்பதில் என்ன தப்பு? அது வெறும் கணக்குதானே, வெறுப்பு இல்லையே. தோற்கப்போகிறவரை நிறுத்தி யாருக்கு என்ன லாபம்? அப்புறம், சிறுபான்மையினரும் தங்கள் ஆளுக்குத்தானே ஓட்டுப் போடுகிறார்கள், அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘நான் பார்ப்பதில்லை, ஆனால் ஜனங்கள் பார்ப்பார்கள்.’ உங்கள் கடிதத்தில் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. ஏனென்றால் இதைச் சொல்லக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர் பதவிக்கு ஒருவர் பெயர் வந்தது. 6 வருஷமாகச் சங்கத்தின் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதிவந்தவர், வேற்று மதத்தவர். “நல்ல மனுஷர்தான், ஆனா எல்லாரும் ஒத்துக்கணுமே” என்று ஒரு பெரியவர் இழுத்தார். அவ்வளவுதான், பேச்சு அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அறையில் இருந்தது 11 பேர். மனசு கேட்காமல் அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், அந்தப் பெரியவரையும் சேர்த்து. எல்லோரும் சொன்னது ஒரே பதில்: “எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லையே.”

மதத் துவேஷம் தேர்தலில் அதிகமாக வேலை செய்வது இந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். மேடையில் கத்துகிறவனை எதிர்க்க நாலு பேர் வருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ‘நமக்கு ஒன்றுமில்லை, ஆனா...’ என்கிறவரை யார் எதிர்ப்பது?

அமெரிக்காவில் 1928ல் ஆல் ஸ்மித் நின்றார். நியூயார்க் ஆளுநராக 4 முறை ஜெயித்தவர், பெரிய கட்சி ஒன்று ஜனாதிபதி பதவிக்கு நிறுத்திய முதல் கத்தோலிக்கர். இவர் வந்தால் போப்பாண்டவர் வாஷிங்டனுக்கே குடிவந்துவிடுவார் என்று கிளப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் நியூயார்க்கில் திறந்திருந்த ஹாலண்ட் சுரங்கப்பாதையின் படத்தைக் காட்டி, இது வாடிகன் வரைக்கும் போகிறது என்றார்கள். ஸ்மித் தோற்றார். மதம் மட்டும் காரணமில்லை, நாட்டில் பணம் புழங்கிய காலம் அது, ஆளுங்கட்சிக்குத்தான் சாதகம், மதுவிலக்கை அவர் எதிர்த்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கட்சிக்காரர்கள் மனதில் தங்கியது ஒன்றுதான்: கத்தோலிக்கர் ஜெயிக்க மாட்டார். 1937ல் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் கேட்டபோது, தகுதியான கத்தோலிக்கருக்கு ஓட்டுப் போடுவோம் என்று 100க்கு 60 பேர் சொன்னார்கள். அப்படியும் அடுத்த கத்தோலிக்கர் நிற்க 32 வருஷம் ஆனது. நீங்கள் வெறும் கணக்கு என்கிறீர்களே, அந்தக் கணக்கை 32 வருஷம் யாரும் போட்டுச் சரிபார்க்கவே இல்லை.

1960 மே மாதம் மேற்கு வர்ஜீனியாவில், கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய நடந்த உட்கட்சித் தேர்தலில், அது சரிபார்க்கப்பட்டது. கத்தோலிக்கர் 100க்கு 5 பேர்கூட இல்லாத மாநிலம், கென்னடியை எதிர்த்து நின்ற ஹம்ஃப்ரி புராட்டஸ்டண்ட். கென்னடி மதப் பேச்சைத் தவிர்க்கவில்லை. தான் கடற்படையில் சேர்ந்தபோது நீ கத்தோலிக்கனா என்று யாரும் கேட்கவில்லை, போரில் செத்துப்போன தன் அண்ணன் கடைசியாக விமானத்தில் ஏறியபோதும் யாரும் கேட்கவில்லை என்று கூட்டத்தில் நேராகவே சொன்னார். 100க்கு 60 ஓட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார், ஹம்ஃப்ரி போட்டியிலிருந்தே விலகினார். கென்னடி குடும்பம் அங்கே பணத்தை வாரி இறைத்ததையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட ஜனங்கள்தான் அந்த ஓட்டைப் போட்டார்கள்.

சரி, அப்படியானால் ஜனங்கள் மதமே பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள். பார்க்கவும் வைக்கப்படுகிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள இந்தோனேசியாவில், 2017ல் ஜகார்த்தா ஆளுநர் தேர்தலில் மறுபடி நின்ற ஆளுநர் அஹோக் கிறிஸ்தவர், சீன வம்சாவளி. அவர் வேலை திருப்தி என்று 100க்கு 70 பேர் அளவுக்குச் சொன்ன கருத்துக்கணிப்புகள் உண்டு. முந்தின செப்டம்பரில் ஒரு கூட்டத்தில், குர்ஆன் வசனம் ஒன்றை வைத்து உங்களை ஏமாற்றுகிறார்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்தப் பேச்சின் வீடியோவில் ஒரு துண்டை இணையத்தில் போட்டவர், பேச்சை எழுத்தில் கொடுக்கும்போது ‘வைத்து’ என்கிற ஒரு சொல்லை விட்டுவிட்டார். வசனமே ஏமாற்றுகிறது என்று அர்த்தம் மாறிப்போயிற்று. லட்சக்கணக்கில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் செத்தால் இங்கே ஜனாஸா தொழுகை, அதாவது இறந்தவருக்கான தொழுகை, கிடையாது என்று சில பள்ளிவாசல்களில் பேனர் தொங்கியது. இறந்துபோன சொந்தக்காரரின் மய்யித்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஒருவர் அந்த பேனரைப் பார்க்க நேர்ந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றில் அஹோக் 42க்கு 58 என்று தோற்றார், மே மாதம் மதநிந்தனை வழக்கில் 2 வருஷம் சிறை. அந்தத் துண்டைப் போட்டவருக்கும் நவம்பரில் ஒன்றரை வருஷம் தண்டனை கிடைத்தது, ஆனால் தேர்தல் முடிந்து 7 மாதம் ஆகிவிட்டதே.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவுப்படி மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது முறைகேடு, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நல்ல சட்டம்தான், வேண்டியதும்தான். ஆனால் சீட்டு யாருக்கு என்று பேசும் அறைக்குள் அது எட்டாது.

கடைசியாக, சிறுபான்மையினர் பற்றிக் கேட்டீர்கள். தன் மதம் என்பதற்காக ஒருவன் தகுதியில்லாதவனுக்கு ஓட்டுப் போட்டால், அவன் எந்த மதமானாலும் எனக்கு வருத்தம்தான். மதகுரு ஆணையிட்டு ஓட்டு விழுவதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் ஒன்று விட்டுப்போகிறது. 1960ல் அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் 4ல் 3 பேருக்கு மேல் கென்னடிக்குப் போட்டார்கள் என்பதைத்தான் அன்றைக்கும் எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு 4 வருஷம் முன்னால், 1956ல், அதே கத்தோலிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அன்றைய ஜனாதிபதி ஐசனோவருக்குப் போட்டிருந்தார்கள். அவர் புராட்டஸ்டண்ட். அதை மதம் பார்க்காத ஓட்டு என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

அன்புடன்